விக்டோரியா பள்ளியும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

நம் முன்னோர் சிங்கப்பூருக்கு வந்த வரலாற்றை நாம் பெரும்பாலும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் வைத்தே சொல்லி வருகிறோம். யார் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார், எந்தத் தெருவில் கடை வைத்தார், எந்தப் பள்ளிவாசலின் திருப்பணிக்குக் கைகொடுத்தார் என்பவை நம் வீடுகளில் வாய்மொழியாக நிலைத்திருக்கின்றன. அவர்கள் தங்கள் ஆண்பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள், அதனால் வீட்டில் என்ன மாறியது என்ற வரலாறு மட்டும் எழுத்தில் குறைவாகவே இருக்கிறது. இந்தப் பொன்விழா மலரில் அதைப் பற்றிச் சிறிது எழுதுகிறோம்.

சையத் அல்வி சாலையிலிருந்து டிர்விட் சாலைக்கு

சிராங்கூன் ரோட்டைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களுக்கு ஆண்பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளி என்றால் முதலில் நினைவுக்கு வருவது விக்டோரியா பள்ளி. 1876ஆம் ஆண்டு கம்போங் கிளாம் மலாய்ப் பள்ளியில் மலாய்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஓர் ஆங்கில வகுப்பே அதன் வித்து. பின்னர் அது சையத் அல்வி சாலையில் விக்டோரியா பிரிட்ஜ் பள்ளியாக வளர்ந்தது. 1933இல் ஜாலான் புசாருக்கு அருகே, டிர்விட் சாலையில் எழுந்த புதிய கட்டடத்துக்கு மாறியபோது விக்டோரியா பள்ளி என்ற பெயரைப் பெற்றது. ‘உழைப்பின்றி எதுவும் இல்லை’ என்று பொருள்படும் லத்தீன் வாசகம் அதன் குறிக்கோள்.

சிங்கப்பூரின் அதிபர்களில் மூவர் இந்தப் பள்ளியின் மாணவர்கள். முதல் அதிபர் யூசோஃப் இஷாக், 1923இல் தம் தந்தையின் பணி மாற்றத்தால் தைப்பிங்கிலிருந்து இங்கு வந்து, விக்டோரியா பிரிட்ஜ் பள்ளியில் பயின்று, பிறகு ராஃபிள்ஸ் கல்வி நிலையம் சென்றார். தேவன் நாயர் ரங்கூன் ரோடு தொடக்கப் பள்ளியிலிருந்து விக்டோரியாவுக்கு வந்து 1940இல் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறினார். எஸ்.ஆர். நாதனும் விக்டோரியாவில் பயின்றவரே. பள்ளிப் படிப்பை முடிக்காமல் வேலைக்குப் போன அவர், வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1954இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டயம் பெற்றார். படிப்பு இடையில் நின்றால் எல்லாம் முடிந்தது என்று கவலைப்படும் பெற்றோருக்கு அவர் வாழ்க்கை ஒரு நல்ல பதில்.

பெற்றோர் எதை எதிர்பார்த்தார்கள்?

அந்தக் காலத்து ஆங்கிலப் பள்ளிப் படிப்பின் எல்லை சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வு. வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து வரும்; விடைத்தாள் அங்கே போய்த் திருத்தப்படும். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் அரசாங்க அலுவலகத்திலோ துறைமுகத்திலோ வங்கியிலோ எழுத்தர் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. மாதச் சம்பளம், விடுமுறை, ஓய்வூதியம் ஆகியவை கல்லாப் பெட்டியின் முன்னால் காலை முதல் இரவு வரை நின்றவருக்குப் பெரிய விஷயங்கள். ‘நான் நின்ற இடத்தில் என் மகன் நிற்க வேண்டாம்’ என்பதே பல அத்தாமார்களின், வாப்பாமார்களின் எண்ணமாக இருந்தது.

பிள்ளைகளுக்கோ நாள் நீண்டது. பள்ளி ஒரு நேரம், மதரஸாவில் ஓதுவது ஒரு நேரம், கடையில் கைவேலை ஒரு நேரம். போருக்குப் பின் மாணவர் தொகை பெருகியதால் பள்ளிகள் காலை, மாலை என்று இரண்டு வேளைகளாக நடந்தன. மாலை வேளைப் பிள்ளை காலையில் ஓதிவிட்டுப் பள்ளிக்குப் போவான். காலை வேளைப் பிள்ளை அஸருக்குப் பிறகு ஓதப் போவான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளி நேரத்தை ஒட்டி டன்லப் ஸ்திரீட் அப்துல் கபூர் பள்ளிவாசலுக்கோ, சிராங்கூன் ரோடு அங்குலியா பள்ளிவாசலுக்கோ ஓட வேண்டியிருந்தது. வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டு, மறுநாள் காலைக்குள் காய வைத்துக் கொடுக்கும் பொறுப்பு உம்மாவுடையது.

போர் இந்த ஒழுங்கைக் குலைத்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மூன்றரை ஆண்டுகள் ஆங்கிலப் படிப்பு நின்றது. 1945க்குப் பிறகு பள்ளிகள் திறந்தபோது, மீசை அரும்பிய பிள்ளைகள் தங்களைவிடச் சிறியவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வயது கடந்துவிட்டது என்று அப்படியே கடைக்குப் போனவர்களும் உண்டு. நம் குடும்பங்களில் அண்ணன் கடையிலும் தம்பி அலுவலகத்திலும் இருந்ததற்குப் பின்னால் பல வேளைகளில் இந்த மூன்றரை ஆண்டுகள் இருக்கின்றன.

மகனின் புத்தகம், தந்தையின் எழுத்து

ஆங்கிலப் பள்ளி வீட்டுக்குள் ஒரு சிறு இடைவெளியையும் கொண்டுவந்தது. மகனின் தேர்ச்சி அறிக்கையைப் பெற்றோரில் பலரால் படிக்க முடியவில்லை. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், குர்ஆன் ஓதத் தெரிந்தவர்கள், அரபுத் தமிழில் எழுதிய மாலைகளைத் தடையின்றிப் படித்த பெண்கள், அந்த ஒரு தாளின் முன் மகனையே கேட்க வேண்டியிருந்தது. மகன் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மொழி பற்றிய கேள்வி பின்னர் இன்னும் கூர்மையானது. இரண்டாம் மொழி 1960இல் தொடக்கப் பள்ளிகளிலும், 1966இல் உயர்நிலைப் பள்ளிகளிலும் கட்டாயமானது. நம் பிள்ளைகள் எதை எடுப்பது? கணிசமானோர் மலாயை எடுத்தார்கள். அதற்குக் காரணங்கள் இருந்தன. மலாய் 1959 முதல் தேசிய மொழி. 1963இல் மலேசியாவில் இணைந்தபோது அதன் தேவை இன்னும் கூடியது. மார்க்க வகுப்புகளும் குத்பாக்களும் பல இடங்களில் மலாயில் நடந்தன. அண்டை வீட்டார் மலாய்க்காரர். சில குடும்பங்களில் சம்பந்தியும் மலாய்க்காரர். ஜாவி எழுத்து அரபு எழுத்தைச் சார்ந்தது என்பதால் ஓதிய பிள்ளைக்கு அந்நியமாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வீடுகளில் பாட்டியின் கடிதத்தைப் பேரனால் படிக்க முடியாத நாளும் வந்தது. ஊரிலிருந்து வந்த தாளை வேறு யாரோ வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

தஞ்சோங் பகார் தந்த பதில்

இதே காலத்தில் நகரின் மறுபக்கம், தஞ்சோங் பகாரில், சகோதர அமைப்பான சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. 1946இல் அது தொடங்கிய தமிழ்ப் பள்ளிக்குச் சீறாப்புராணம் தந்த உமறுப் புலவரின் பெயரைச் சூட்டியது. மசாலா அரைத்துக் கொடுத்துப் பிழைத்த பெண்களும் அன்றாடக் கூலிக்கு உழைத்த ஆண்களும் வாழ்ந்த பகுதி அது. தமிழ்ப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை தமிழிலேயே மேற்கொண்டு படிக்க அப்போது வழியில்லை. 1960இல் உமறுப் புலவர் பள்ளியில் உயர்நிலை வகுப்புகள் தொடங்கியபோது அந்த வழி திறந்தது. சிங்கப்பூரில் வேறெங்கும் இல்லாத தமிழ் உயர்நிலைப் பள்ளி அது.

ஆயினும் வேலைச் சந்தை ஆங்கிலத்தைக் கேட்டது. பெற்றோரும் அதையே கேட்டார்கள். தமிழ்ப் பள்ளிகளில் சேர்க்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. நாட்டின் கடைசித் தமிழ்ப் பள்ளியாக நின்ற உமறுப் புலவர் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்று மொழியானது.

விக்டோரியாவைத் தேர்ந்தவர் சரி, உமறுப் புலவரைத் தேர்ந்தவர் தவறு என்றோ, மாற்றியோ நாம் சொல்லவில்லை. மகனின் வயிற்றுப்பாட்டை நினைத்தவரும் மகனின் நாவை நினைத்தவரும் ஒரே அக்கறையால்தான் முடிவெடுத்தார்கள். ஒன்றைப் பெற்றவர் மற்றொன்றில் கொஞ்சம் இழந்தார். அந்த இழப்பைச் சமூகம் கண்டுகொண்டதால்தான் பள்ளி மூடிய பின்னும் பெயர் மறையவில்லை. 1983இல் கல்வி அமைச்சின் கீழ் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் உருவானது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் அங்கே வந்து தமிழ் படிக்கிறார்கள். ஆங்கிலப் பள்ளியா, தமிழா என்று அன்றைய தந்தை ஒன்றைத்தான் தேர வேண்டியிருந்தது. இன்று ஒரே பிள்ளைக்கு இரண்டும் கிடைக்கின்றன.

விக்டோரியா பள்ளி 1984இல் கேலாங் பாருவுக்கும், 2004இல் சிக்லாப்புக்கும் இடம் மாறியது. டிர்விட் சாலையிலிருந்த பழைய கட்டடம் 2009 முதல் மக்கள் கழகத்தின் தலைமையகமாக இருக்கிறது. உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இப்போது அதே வட்டாரத்தில், பீட்டி சாலையில் இயங்குகிறது. நகரின் இரு மூலைகளில் பிறந்த இரண்டு பள்ளிகளின் நினைவுகள் இன்று நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன.

நம் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டிகளில் பழைய தேர்ச்சி அறிக்கை, வகுப்புப் படம், கேம்பிரிட்ஜ் சான்றிதழ், ஊரிலிருந்து வந்த கடிதம் எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். அவற்றின் கதையைத் தெரிந்த பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். நம்மைப் படிக்க வைத்தவர்களின் மறுமை வாழ்வை அல்லாஹ் சிறப்பாக்கி வைப்பானாக. ஆமீன்.