புட்டிக்குள் யார் குற்றவாளி? காஃபீன், மது, சட்டம்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுறும் தறுவாயில், 1865 ஏப்ரலில், ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் நடந்த சண்டையில் ஜான் பெம்பர்டன் என்னும் மருந்தாளர் வாள்வெட்டுக் காயமுற்றார். வலி தணிக்க உட்கொண்ட மார்ஃபீனுக்கு அவர் அடிமையானார். அப்போரில் காயமுற்ற வேறு பலருக்கும் இதே நிலை நேர்ந்தது. 1885ஆம் ஆண்டளவில் அட்லாண்டாவில் அவர் விற்ற 'பிரெஞ்சு வைன் கோகா' என்னும் பானம், 1863இல் பாரிஸில் அறிமுகமான வின் மரியானியை அடியொற்றியது. ஒயினில் கோகா இலைச் சாறும் கோலாக் கொட்டைச் சாறும் கலந்து அது தயாரிக்கப்பட்டது. மது, கொக்கெய்ன், காஃபீன் ஆகிய மூன்றும் ஒரே புட்டியில் இருந்தன. நரம்புத் தளர்ச்சியைப் போக்கும், மார்ஃபீன் பழக்கத்திலிருந்து மீட்கும் என்றெல்லாம் அது விளம்பரப்படுத்தப்பட்டது.

அடுத்து நிகழ்ந்ததைக் கழித்தலின் வரலாறு எனலாம். 1885 இறுதியில் அட்லாண்டா மக்கள் மதுவிலக்குக்கு வாக்களித்தனர். பெம்பர்டன் ஒயினை நீக்கிச் சர்க்கரைப் பாகைச் சேர்த்தார். 1886 மே மாதம் கோகா கோலா விற்பனைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கெய்னும் நீக்கப்பட்டது. எஞ்சிய காஃபீனும் விசாரணைக்குத் தப்பவில்லை. 1906ஆம் ஆண்டு உணவு, மருந்துத் தூய்மைச் சட்டத்தின்கீழ் 1909இல் நாற்பது பீப்பாய்களும் இருபது சிறு பீப்பாய்களும் கைப்பற்றப்பட, 1911இல் சட்டனூகா நகரில் வழக்கு நடந்தது. காஃபீன் 'சேர்க்கப்பட்ட தீங்கான பொருள்' என்பது அரசின் வாதம். நிறுவனத்தின் சார்பில் உளவியலாளர் ஹாரி ஹாலிங்வொர்த், காஃபீன் மன ஆற்றலைக் குலைக்கவில்லை என்று தம் சோதனைகளைக் கொண்டு சாட்சியளித்தார். 1916இல் உச்ச நீதிமன்றம் அரசின் வாதத்தை விசாரணைக்கு உரியதென ஏற்று, வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. காஃபீனின் அளவைக் குறைக்க நிறுவனம் இசைந்ததும் வழக்கு முடிவுற்றது.

இவ்வழக்கின் போக்கு கவனத்துக்குரியது. ஒவ்வொரு கட்டத்திலும் சட்டம் கேட்ட கேள்வி ஒன்றே: புட்டிக்குள் இருப்பவற்றுள் குற்றவாளி எது? ஒன்றோடு மற்றொன்று சேரும்போது என்ன நேர்கிறது என்பது அப்போது கேள்வியாகவே எழவில்லை.

எழாமைக்குக் காரணம் உண்டு. காபியும் அதன் இனப் பானங்களும் மதுவுக்கு எதிரிகள், போதையைத் தெளிவிப்பவை என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்தது. 1674இல் பெண்களின் பெயரால் லண்டனில் வெளியான, காபிக்கு எதிரான அங்கதத் துண்டறிக்கை இதை வேறு கோணத்தில் கண்டது. ஆண்கள் மதுக்கடையிலிருந்து காபிக்கடைக்கும், அங்கிருந்து மீண்டும் மதுக்கடைக்குமாக அலைகின்றனர் என்று அது எள்ளியது. காபி குடியை நிறுத்துவதில்லை, அதை நீட்டிக்கிறது என்னும் கருத்து அதில் பொதிந்திருந்தது.

உடலியல் இதற்கு விளக்கம் தருகிறது. உறக்கத்தைத் தூண்டும் அடினோசின் மூளையில் தன் ஏற்பிகளைச் சேராதவாறு காஃபீன் தடுக்கிறது. இதனால் மயக்கவுணர்வு குறைகிறது. ஆனால் கல்லீரல் மதுவைச் சிதைக்கும் வேகம் மாறுவதில்லை. 2006இல் பிரேசில் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இதை உறுதிப்படுத்தியது. மதுவுடன் ஆற்றல் பானம் அருந்தியோர் தம் தலைவலியும் சோர்வும் தடுமாற்றமும் குறைந்ததாக உணர்ந்தனர். அளந்து பார்த்தபோது அவர்களது உடல் ஒருங்கிணைப்பிலும் எதிர்வினை வேகத்திலும் முன்னேற்றம் ஏதுமில்லை.

தாய்லாந்தில் உடலுழைப்பாளரும் லாரி ஓட்டுநரும் அருந்திய கிராட்டிங் டேங் பானம், 1987இல் ஆஸ்திரியாவில் ரெட் புல் என மறுவடிவம் பெற்றது. விரைவிலேயே அது மதுக்கூடங்களில் வோட்காவுக்குத் துணையாயிற்று. இக்கலவையை ஆலையிலேயே தயாரித்து டின்னில் அடைத்து விற்றவற்றுள் பெயர்பெற்றது ஃபோர் லோகோ. ஏறத்தாழ 700 மில்லி கொண்ட ஒரு டின்னில் 12 விழுக்காடு வரை மது இருந்தது. 2010 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு விருந்துக்குப் பின் கல்லூரி மாணவர் ஒன்பது பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். யாரோ பானத்தில் போதைப்பொருள் கலந்துவிட்டனர் என்றே முதலில் ஐயுற்றனர். விசாரணை சுட்டியதோ கடையில் வெளிப்படையாக விற்ற டின்னை. நவம்பர் 17 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மதுபானத்தில் சேர்க்கப்படும் காஃபீன் பாதுகாப்பற்ற சேர்பொருள் என்பது அதன் முடிவு.

1886இல் மது வெளியேறிக் காஃபீன் தங்கியது. 2010இல் காஃபீன் வெளியேறி மது தங்கியது. இம்முறை சேர்க்கையே குற்றமாகக் கொள்ளப்பட்டது உண்மை. எனினும் அத்தடை ஆலையின் வாயிலோடு நின்றது. மதுக்கூட மேசையில், குடிப்பவர் தம் கையால் கலக்கும் கோப்பையை அது தொடவில்லை.

இந்தியாவிலும் இதே பிளவு காணப்படுகிறது. அரசியலமைப்பின் 47ஆம் கூறு போதை தரும் பானங்களையும் உடலுக்குக் கேடான போதைப்பொருள்களையும் விலக்க முயலுமாறு அரசுக்கு வழிகாட்டுகிறது. காஃபீனோ உணவுச் சட்டத்தின் ஆட்சிக்குள் இருக்கிறது. 2016இல் வகுக்கப்பட்ட தரநிலை, காஃபீன் கலந்த பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம் என்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே அளக்கப்படுகிறது. இரண்டும் கூடும் இடம் இவ்வளவுகோல்களில் எளிதில் பதிவாவதில்லை.

போதையின் வரலாற்றைப் பொருள்வாரியாக, கள்ளுக்கு ஒரு நூல், அபினிக்கு ஒரு நூல், காபிக்கு ஒரு நூல் என எழுதுவது ஆய்வுலகின் வழக்கம். வரியும் தடையும் பொருள்வாரியாக விதிக்கப்பட்டதால் ஆவணங்களும் அவ்வாறே கிடைக்கின்றன. மனிதர்கள் அவ்வாறு குடிப்பதில்லை. தேர்வு முடிந்த இரவில் விடுதி அறையில் கலக்கப்படும் கோப்பை, 1674ஆம் ஆண்டுத் துண்டறிக்கை எள்ளிய நடையின் நீட்சியே. உறக்கம் வராததைத் தெளிவு என்று எண்ணி வண்டிச் சாவியைக் கையில் எடுப்பவருக்கு, இந்த வேறுபாடு ஏட்டுச் செய்தி மட்டுமன்று.