53என்: ஒரு பாட்டிலும் பத்தொன்பது உயிரும்

தடுப்பூசி போட்ட பிறகு யாருக்காவது உடம்புக்கு முடியாமப் போச்சுன்னா உடனே ரெண்டு குரல் கேக்கும். "ஊசிதான் காரணம்"னு ஒண்ணு, "ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை"ன்னு இன்னொண்ணு. ரெண்டு தரப்புமே விசாரிக்காம தீர்ப்பு எழுதுற கட்சிதான். இது நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம் மக்களே, கதையைக் கேளுங்க.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. ஒடெஸாவில் பிறந்த யூத விஞ்ஞானி வால்டெமார் ஹாஃப்கின் அங்கேயே உட்கார்ந்து தடுப்பூசி தயாரித்தார். 1897 ஜனவரி 10-ம் தேதி அதைத் தனக்கே போட்டுக்கிட்டார். அந்தக் காலத்துப் பாதுகாப்புச் சோதனை அப்படி!

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் கிராமம் (இப்போ பாகிஸ்தானில் இருக்கு). அன்னிக்கு 107 பேருக்கு ஊசி போட்டாங்க. சில நாளில் 19 பேர் டெட்டனஸ் வந்து செத்துப் போனாங்க. மீதி 88 பேருக்கு ஒண்ணும் ஆகலை.

விசாரிச்சா, 19 பேருக்கும் மருந்து எடுத்தது ஒரே பாட்டில். அதோட நம்பர் 53என். ஆக, கெட்டது மொத்த மருந்தும் இல்லை, அந்த ஒரு பாட்டில்தான். இவ்வளவு தெளிவா சொல்ல முடிஞ்சதுக்குக் காரணம் அந்த நம்பர்தான்.

அடுத்த கேள்விதான் சிக்கல். கிருமி உள்ளே போனது பம்பாய் ஆய்வகத்திலா, கிராமத்திலா? அரசு விசாரணைக் குழு ஆய்வகத்தைக் கைகாட்டியது. கார்பாலிக் அமிலம் சேர்க்கிறதை விட்டுட்டு, வெறும் சூட்டை நம்பி மருந்து தயாரிச்சாங்க என்பது குற்றச்சாட்டு. ஹாஃப்கின் பதவி போச்சு.

ஆனா அதே விசாரணையில் வேற தகவல்களும் இருந்தன. பாட்டிலைத் திறக்கும்போது உதவியாளர் இடுக்கியைத் தரையில் போட்டுட்டார். அதைச் சரியாக் கிருமி நீக்காம திரும்பவும் பயன்படுத்தினார். டெட்டனஸ் கிருமி இருக்கிற இடமே மண்தான்! அதுவுமில்லாம, திறந்தப்போ பாட்டிலில் எந்த நாத்தமும் இல்லை. பல வாரம் முன்னாடியே ஆய்வகத்தில் கெட்டிருந்தா கண்டிப்பா நாறியிருக்கும்.

1907 ஜூலையில் ரொனால்ட் ராஸ் (மலேரியா கொசுவைக் கண்டுபிடிச்ச அதே ராஸ்தான்) உள்ளிட்ட விஞ்ஞானிகள் லண்டன் டைம்ஸில் கடிதம் எழுதினாங்க. அப்புறம்தான் ஹாஃப்கின் மேல விழுந்த பழி நீங்கி, கல்கத்தாவில் வேலை கிடைச்சது. 1925-ல் அந்தப் பம்பாய் ஆய்வகத்துக்கே அவர் பேரை வெச்சாங்க.

ஊசி போட்டதால்தான் 19 பேர் செத்தாங்க, அதை மறைக்கவே கூடாது. மருந்தைத் தயாரிச்சவர் தப்பு பண்ணலை, அதுவும் உண்மை. ரெண்டையும் சேர்த்துச் சொல்லணும்னா "எந்தப் பாட்டில், யார் திறந்தது, எப்படித் திறந்தது"ன்னு ஒவ்வொண்ணா கேட்டாகணும். சத்தமா கத்துறதை விட அது கஷ்டமான வேலைதான். :-)