அரிக்கமேட்டுக்கு இரு நாள் பயணம்: யவனரும் சோனகரும்

முன்சென்ற சமுதாயங்களின் சுவடுகளைப் பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதனை அழைக்கின்றது. ஆயின் பார்ப்பது மட்டும் போதாது. பார்த்ததைச் சரியாக அறிதலும் வேண்டும். இதனை நாம் ஒரு பிழையின் வாயிலாகவே கற்றோம்.

வேப்பம்பட்டில் நம் இல்லத்துக்கு வந்திருந்த மாணவர் சிலர், ஏதென்ஸ் நகரத்து இடிபாடுகளின் படங்களைக் காட்டி, கிரேக்கரின் தடயங்களைக் காண அவ்வளவு தொலைவு செல்லத்தான் வேண்டுமா என வினவினர். "அரிக்கமேடு இருக்கிறதே" என்றோம். முன்னேற்பாடின்றி ஒரு நாள் அழைத்தும் சென்றோம். புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், மரங்களுக்கிடையே ஒரு பழைய செங்கற்சுவர் நின்றது. அது யவனர் கட்டியது என்று மாணவரிடம் கூறிவிட்டோம். ஊர் திரும்பி நூல்களைப் புரட்டியபோதுதான், அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுப்பிய கட்டடத்தின் எச்சம் எனத் தெரிந்தது. அறிவிப்பாளர் தொடரை ஆராயாது எச்செய்தியையும் ஏற்கலாகாது என்று ஹதீஸ் பாடத்தில் போதிக்கும் நாம், ஒரு சுவரின் வரலாற்றை ஆராயாமல் அறிவித்துவிட்டோம்! மறு வகுப்பிலேயே பிழையை ஒப்புக்கொண்டோம்.

அறிஞர்களும் அரிக்கமேட்டைப் பற்றித் தம் கருத்தைத் திருத்திக்கொண்டவர்களே. 1945இல் அங்கு அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த மதுச்சாடிகளையும் இத்தாலிய மட்கலங்களையும் கண்டெடுத்து, அதனை ரோமானிய வணிகத் தலமாகக் கருதினார். 1989 முதல் 1992 வரை நடந்த விமலா பெக்லி குழுவினரின் ஆய்வோ, ரோமானிய வணிகம் தொடங்குமுன்பே அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்று காட்டியது. அது அந்நியர் நிறுவிய ஊரன்று. அந்நியரும் வந்து சென்ற தமிழகத் துறைமுகம்.

ரோமானியப் பேரரசின் பொருள்களுக்கும் கிரேக்கருக்கும் என்ன தொடர்பு எனக் கேட்கலாம். அந்நாளில் எகிப்திலிருந்து செங்கடல் வழியே வந்த வணிகருள் பலரின் மொழி கிரேக்கமே. கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்திரியக் கடற்பயணம்' என்னும் வணிக நூலும் கிரேக்கத்தில் எழுதப்பட்டதே. அந்நூல் குறிக்கும் 'பொதுகே' துறைமுகம் அரிக்கமேடே என ஆய்வாளர் பலர் கருதுவர். அடுத்த நூற்றாண்டில் தாலமியும் அப்பெயரைக் குறித்தார். அரபு நூல்களில் நாம் 'பத்லமியூஸ்' எனப் படிப்பது இவரைத்தான். அவருடைய புவியியலைத் தழுவியே 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்குவாரிஸ்மி 'ஸூரத்துல் அர்ழ்' என்ற நூலை இயற்றினார்.

ஆகவே இம்முறை பயணத்தை முறையாகத் திட்டமிட்டுள்ளோம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எனவே ஜும்ஆவை ஊரில் நிறைவேற்றி, சனிக்கிழமை காலை வேப்பம்பட்டில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்னை சென்று, தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளின் தொகுப்பை அங்கு முதலில் காண்போம். மாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி. ஞாயிறு காலை புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளையும் மட்கலங்களையும் பார்த்த பின்னரே அகழ்விடம். இவ்வரிசை மாறலாகாது. அங்கு அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன. கண்ணுக்குப் புலப்படுவது சொற்பமே. பொருள்களை முன்பே கண்டவருக்கே அம்மண் பேசும்.

இத்துணை முயற்சி எதற்கு? சங்கத்தமிழ் கிரேக்கரையும் ரோமானியரையும் 'யவனர்' என்றது. பின்னர் அதே கடல்வழியில் அரபியர் வந்தபோது, அச்சொல்லே திரிந்து 'சோனகர்' என அவர்களுக்கு ஆயிற்று. பிற்கால உரையாசிரியர்கள் யவனர் என்பதற்குச் சோனகர் என்றே பொருள் எழுதினர். தமிழ் முஸ்லிம்களையும் அச்சொல் குறித்தது. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவும், இலங்கைக் குடிக்கணக்கெடுப்பில் இன்றும் வழங்கும் 'இலங்கைச் சோனகர்' என்னும் பெயரும் அதற்குச் சான்று.

எகிப்தின் குஸைர் அல்கதீம் துறையிலோ, கண்ணன், சாத்தன் எனத் தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பழம் பானையோடுகளும், 13ஆம் நூற்றாண்டு வணிகக் குடும்பமொன்றின் அரபுக் கடிதங்களும் ஒரே இடத்தில் கிடைத்துள்ளன.

ஆகவே, அரிக்கமேட்டில் நாம் தேடுவது அயலார் விட்டுச்சென்ற பொருள்களை மட்டுமன்று. நம்மைக் குறித்த ஒரு பெயரின் தொடக்கத்தையும்தான். இம்முறை அச்செங்கற்சுவரின் முன் நின்று, அது எவருடையது என்பதை மாணவரே நமக்குச் சொல்வார்கள், இன்ஷா அல்லாஹ்.