வீடும் இடமும்: சென்னைக் குடியிருப்பு வரலாறு தரும் படிப்பினை

நகரின் நடுவே ஏழைகள் குடியிருக்கும் உரிமை பற்றிய விவாதம் சென்னைக்குப் புதியதன்று. தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. மறு ஆண்டே குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம் இயற்றப்பெற்றது. சட்டத்தின் பெயரில் மேம்பாடு முன்னும் அகற்றல் பின்னும் நிற்பதை நாம் கவனிக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் வாரியம் பெரும்பாலும் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகளை எழுப்பியது. மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்து மீனவர்கள் கடலைப் பிரியாமலே கல்வீடு பெற்றனர். அவ்வீடுகள் சிறியவை, ஆயினும் தொழில் கைவிட்டுப் போகவில்லை.

பின்னர் நகர நிலத்தின் விலை ஏறியது. சாலைகளுக்கும் நீர்வழிச் சீரமைப்புக்கும் இடம் தேவைப்பட்டது. 2000ஆம் ஆண்டளவில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உருவாயிற்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரியிலும், 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின் பெரும்பாக்கத்திலும் மக்கள் குடியேற்றப்பட்டனர். பெரும்பாக்கத்தில் மட்டும் எழுந்தவை ஏறத்தாழ 20,000 வீடுகள். அடையாறு, கூவம் கரைகளிலிருந்து வெள்ள அபாயம் கருதி அகற்றப்பட்டோர் பலர், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை அடுத்த தாழ்நிலப் பகுதிக்கே அனுப்பப்பட்டனர்.

தொலைவு மட்டுமே இங்குக் குறையன்று. அருகிலுள்ள தாம்பரமும் நகரிலிருந்து தொலைவில் இருந்த ஊர்தான். 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பின் மக்கள் தாமே விரும்பி அப்பாதை நெடுகக் குடியேறினர். பெரும்பாக்கத்திலோ வீடுகளே முதலில் வந்தன. ரயில் இன்றும் அங்கு இல்லை. மயிலாப்பூரிலோ எழும்பூரிலோ விடியலில் வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினை. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். பயணத்தில் கழியும் நேரத்தை அச்சலுகை மீட்டுத்தராது.

வேறு வழியும் உண்டு என்பதற்கு இந்தோனேசியா சான்று. ஜகார்த்தாவில் 1969இல் தொடங்கிய கம்போங் மேம்பாட்டுத் திட்டம், குடியிருப்புகளைப் பெயர்க்காமல், அவை இருந்த இடத்திலேயே நடைபாதையும் வடிகாலும் குடிநீரும் அமைத்தது. 1980இல் அத்திட்டம் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது.

2021இல் நமது வாரியம் 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' எனப் பெயர் மாறியது. நகருக்குள் சிதிலமடைந்த அதன் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, அதே இடங்களில் புதியவை கட்டப்பட்டு வருகின்றன. இது 1970களின் கொள்கைக்குத் திரும்பும் நல்ல தொடக்கம் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் கட்டடம் உயர்வதை மட்டும் நகரப் புத்தாக்கம் என்று கொள்ளலாகாது. பழைய கட்டடத்தில் வாழ்ந்த குடும்பங்களே புதியதன் சாவியைப் பெற வேண்டும். பெரும்பாக்கத்திற்கு முன்னரே அனுப்பப்பட்டோர்க்கு வேலையும் விரைவான போக்குவரத்தும் அங்கேயே கிடைக்க வேண்டும்.