இரண்டு வரவேற்புகள்

வெற்றி பெற்றவரின் புகழை உலகம் உரைக்கும். அவரை வரவேற்ற ஊரின் உள்ளத்தையோ அவ்வூரார் நடத்திய விழாவே காட்டிவிடும். அமெரிக்கக் கருப்பினப் பெண்கள் இருவருக்கு அவர்தம் ஊரார் அளித்த வரவேற்புகளை நாம் இங்கு நினைவுகூர விழைகிறோம்.

ஆலிஸ் கோச்மன் 1923-இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரில் பிறந்தார். அங்கிருந்த பொது விளையாட்டுத் திடல்களில் கருப்பினச் சிறுமியருக்கு இடமில்லை. எனவே கயிற்றையும் கம்பையும் கட்டி, மண் சாலையில் வெறுங்காலோடு தாண்டிப் பழகினார். 1939 முதல் 1948 வரை ஆண்டுதோறும் உயரம் தாண்டுதலில் தேசிய வாகை சூடினார். போரின் காரணமாக 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. அவருடைய உடல் வலிமை முழுமை பெற்றிருந்த ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. இறுதியில், 1948-இல் இலண்டனில் 1.68 மீட்டர் உயரத்தைத் தாண்டித் தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் கருப்பினப் பெண் அவரே. பதக்கத்தை அவர் கையில் அளித்தவர் பிரிட்டனின் மன்னர் ஆறாம் ஜார்ஜ்.

தாயகம் திரும்பியவரை அட்லாண்டாவிலிருந்து ஆல்பனி வரை ஏறத்தாழ 280 கிலோமீட்டர் ஊர்வலமாக அழைத்து வந்தனர். சாலையோரங்களில் மக்கள் திரண்டனர். ஆனால் நகர அரங்கில் நடந்த பாராட்டு விழாவில் வெள்ளையர் ஒரு புறமும் கருப்பினத்தார் மறு புறமுமாக அமர்த்தப்பட்டனர். மேடையிலிருந்த நகரத் தலைவர் அவருடன் கைகுலுக்கவில்லை. விழா நாயகிக்குப் பேசும் வாய்ப்பும் தரப்படவில்லை. விழா முடிந்ததும் பக்கவாயில் வழியே அவர் வெளியேற வேண்டியிருந்தது. மன்னர் நீட்டிய கையை நகரத் தலைவரால் நீட்ட இயலவில்லை! பிற்காலத்தில் அதே நகரில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதையும் கண்ட பிறகே 2014-இல் ஆலிஸ் மறைந்தார்.

மற்றவர் வில்மா ருடால்ஃப். 1940-இல் டென்னசி மாநிலத்தில் குறைமாதக் குழந்தையாய்ப் பிறந்தவர். தந்தையின் 22 பிள்ளைகளுள் இருபதாமவர் என்கிறது வரலாறு. பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டிப் பழகிய நமக்கே இது வியப்பளிக்கிறது. இளம்பிள்ளை வாதம் அவருடைய இடக்காலை முடக்கியது. கருப்பினத்தாருக்குத் தக்க மருத்துவ வசதி அவர்களது கிளார்க்ஸ்வில் நகரில் இல்லாமையால், வீட்டு வேலை செய்து பிழைத்த தாய் பிளான்ச், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலிருந்த நாஷ்வில் நகர மருத்துவமனைக்கு மகளைப் பேருந்தில் அழைத்துச் சென்றார். பேருந்தின் பின் இருக்கைகளே அவர்களுக்கு உரியவை. வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் இப்பயணம் தொடர்ந்தது. மருத்துவர் கற்பித்தவாறு தாயும் உடன்பிறந்தோரும் நாள்தோறும் முறை வைத்து அக்காலைப் பிடித்துவிட்டனர். பன்னிரண்டு வயதளவில் இரும்புத் தாங்கியும் தனிக் காலணியும் இன்றிச் சிறுமி நடந்தாள். எத்தனை கைகள் சேர்ந்து ஒரு காலை எழுப்பின!

1960-இல் உரோமையில் அந்தக் கால் ஓடியது. 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் வில்மா தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் தடகளத்தில் மூன்று தங்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவர். தொடரோட்டத்தில் அவருடன் ஓடிய மூவரும் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநர் எட் டெம்பிளிடம் பயின்ற கருப்பினப் பெண்களே.

கிளார்க்ஸ்வில் நகரம் விழா எடுக்க முனைந்தது. வழக்கப்படி, வெள்ளையருக்கும் கருப்பினத்தாருக்கும் தனித்தனி ஏற்பாடு. இருபது வயது வில்மா அதற்கு இசையவில்லை. பிரித்து நடத்தும் விழாவில் தாம் கலந்துகொள்வதில்லை என்று கூறிவிட்டார். மூன்று பதக்கங்களையும் விட இந்த மறுப்பையே நாம் பெரிதாக மதிக்கிறோம். ஏனெனில் ஓட்டக்களத்தில் எதிரே நின்றவர் அயலார்; இங்கே எதிரே நின்றதோ தம்மைப் பாராட்ட வந்த சொந்த ஊர். பாராட்டை மறுப்பது பழியை எதிர்ப்பதினும் கடினம் என்பதை, பொன்னாடைகளுக்குத் தோள் கொடுத்துப் பழகிய நாம் நன்கறிவோம்.

நகரம் இணங்கியது. 1960 அக்டோபர் 4-ஆம் நாள் நடந்த ஊர்வலமும் விருந்துமே அந்நகர வரலாற்றில் இரு இனத்தாரும் ஒன்றாகக் கலந்துகொண்ட முதல் பொது நிகழ்ச்சிகள். ஒரே அரங்கில், ஒரே உணவை அவர்கள் உண்டனர்.

ஆயினும் ஒரு நாள் விருந்து ஊரை மாற்றிவிடவில்லை. 1963-இல் அதே கிளார்க்ஸ்வில்லில் ஓர் உணவகம் கருப்பினத்தாரை உள்ளே அனுமதிக்க மறுத்தது. அதை எதிர்த்து வாயிலில் நின்றவர்களுள் வில்மாவும் ஒருவர்.