வீட்டுப் படம் போட்டவர்களில் ஒரு சம்சாரி

டவுனில் இருந்து வாசிக்கிற நண்பர்கள் சிலர் ஊர்ப்பக்கம் இடம் வாங்கிப் போட்டுவிட்டு, "அண்ணே, தோட்டத்துல சின்னதா ஒரு வீடு கட்டணும், டிசைன் எப்படி இருக்கு பாருங்க"ன்னு போனில் படம் அனுப்புகிறார்கள். படத்தைப் பார்த்துக் கிராமத்து வீடு கட்டுகிற பழக்கம் போன் வந்து வந்ததில்லை. இங்கிலாந்தில் ஆரம்பித்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது. அந்தப் பழைய புத்தகங்கள் இப்போ இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன. மகள் இறக்கிக் கொடுத்தாள். இங்கிலீஷ் எனக்கு மெதுவாகத்தான் ஓடும். படம் பார்க்க பாஷை எதுக்கு?

அதில் எனக்குப் பிடித்த முதல் ஆள் ஜான் உட். பாத் நகரத்தில் ராயல் கிரசென்ட் என்று பிறைநிலா மாதிரி மாளிகை வரிசை கட்டினவர். பணக்காரருக்குக் கட்டின அதே மனுஷன் 1781ல் கூலிக்காரர் வீட்டுக்கென்றே ஒரு வரைபடப் புத்தகம் போட்டார். போடுவதற்கு முன்னால் குடிசை குடிசையாகப் போய், என்ன வசதி வேணும், என்ன கஷ்டம் என்று குடியிருக்கிறவர்களையே கேட்டிருக்கிறார். அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்காதவன் சரியாக வரைய முடியாது என்று எழுதியும் வைத்தார். இதைச் சொல்ல மாளிகை கட்டின ஒருத்தர் வேண்டியிருந்திருக்கு பாருங்க.

அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பல பேர் வெளியே நின்று பார்ப்பவன் கண்ணுக்காக வரைந்தார்கள். பிரிஸ்டல் பக்கம் பிளேஸ் ஹாம்லெட் என்று ஒன்று. 1811 வாக்கில் ஜான் நாஷ் வடிவமைத்தது. ஒரு பேங்க் முதலாளி தன்னிடம் வேலை பார்த்து ஓய்ந்தவர்களுக்காகக் கட்டினார். ஒன்பது வீடு, ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. அழகு அழகுதான், இன்றைக்கும் ஆட்கள் போய் பார்க்கிறார்கள்.

1833ல் லௌடன் என்கிறவர் ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு தலையணைப் புத்தகம் கொண்டுவந்தார். குடிசை, பண்ணைவீடு, வில்லா எல்லாம் அதில் உண்டு. ஸ்காட்லாந்து விவசாயி மகன். வலது கையை வெட்டி எடுத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது அப்போ.

அமெரிக்காவில் இந்தக் கிறுக்கைப் பரப்பினவர் டௌனிங். ஹட்சன் ஆற்றங்கரையில் நாற்றுப்பண்ணைக்காரர். 1842ல் ஒன்று, 1850ல் ஒன்று என்று இரண்டு புத்தகம். வீட்டுக்கு வெள்ளையடிக்காதே, மண்ணும் கல்லும் மாதிரி நிறம் பூசு என்பார். வெயிலுக்கு வராண்டா கட்டாயம் என்பார். அந்த வராண்டா என்ற சொல் நம்ம நாட்டில் இருந்து இங்கிலீஷுக்குப் போனது. எனக்குச் சிரிப்பு வந்தது அவர் கணக்கைப் பார்த்துத்தான். குடும்பமே வேலை பார்த்துக்கொண்டால், இல்லை மிஞ்சினால் ஒன்றிரண்டு வேலையாள் இருந்தால், அது காட்டேஜ். மூன்று வேலையாளாவது வேண்டும் என்றால் வில்லா. இப்போ வில்லா விற்கிறவங்க இதைப் போர்டில் போடலாம். பாவம், 1852ல் நீராவிப் படகு தீப்பிடித்து 36 வயசிலேயே இறந்துபோனார்.

அதே 1852ல்தான் லூயிஸ் ஆலன் புத்தகம் வந்தது. பஃபலோ ஊர்ப்பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர். ஷார்ட்ஹார்ன் மாட்டு வம்சத்துக்கு அமெரிக்காவில் பதிவேடு ஆரம்பித்தவரும் அவரே. அவர் வீட்டோடு நிறுத்தவில்லை. களஞ்சியம், மாட்டுத் தொழுவம், கோழிக்கூடு, பன்றிக் கொட்டில், தேன்பெட்டி வைக்கிற இடம், ஐஸ் சேர்த்து வைக்கிற அறை எல்லாத்துக்கும் வரைபடம் உண்டு. சம்சாரி போட்ட படம் என்று பார்த்தவுடனே தெரியும்.

எங்க வீட்டிலும் இப்போ இந்தப் பேச்சுதான். பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுக் கட்ட மகன் ஒரு படம் வைத்திருக்கிறான். சிட்அவுட், ஹால், ஓப்பன் கிச்சன், இரண்டு அட்டாச்டு பெட்ரூம். கரிசலில் பருத்தி எடுக்கிற நேரம் விலை படுத்திருக்கும். பழைய வீட்டு உள்ளறையில் குவித்து வைத்து, ஒன்றிரண்டு மாசம் பொறுத்துப் போட்டுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். அந்த அறை படத்தில் இல்லை. எடுத்த அன்றைக்கே வியாபாரி சொன்ன விலைக்குப் போட வேண்டியதுதான்.

கொத்தனார் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூட்டையெல்லாம் எங்கிட்டு அடுக்கப் போறீக?" என்றார். "ஷெட்டு போட்டுக்கலாம்ணே" என்றான் மகன். ஷெட்டுக்குத் தனிச்செலவு, எலி வேற. தை பிறந்ததும் வானம் தோண்டணும். ஒரு பெட்ரூமைக் குறைக்கலாமா என்று வீட்டில் தினமும் நடக்கிறது. ஓட்டு என் பக்கம் இரண்டு, அவன் பக்கம் இரண்டு.