சத்னாம் சிங் பாமரா

சத்னாம் சிங் பாமரா (பிறப்பு: டிசம்பர் 10, 1995) பஞ்சாபைச் சேர்ந்த முன்னாள் கூடைப்பந்தாட்ட வீரர் ஆவார். என்.பி.ஏ. அணியொன்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் இவரே. இவரது உயரம் 2.18 மீட்டர். 2010 இல் உதவித்தொகை பெற்று, புளோரிடாவில் உள்ள ஐ.எம்.ஜி. அகாதமிக்குச் சென்றார்.

கல்லூரியைத் தவிர்த்தல்

பள்ளி முடித்தவர்களை உடனே சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை என்.பி.ஏ. 2005 உடன்பாட்டின் மூலம் நிறுத்தியது. அமெரிக்கப் பள்ளியில் படித்தவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அவ்வோராண்டுக்காகவே கல்லூரியில் சேர்ந்து, பட்டம் பெறாமல் வெளியேறியோர் பலர். சத்னாமோ கல்லூரிக்கே செல்லவில்லை. கல்லூரி அணியில் ஆடுவதற்கான கல்வித் தகுதியை அவரால் எட்ட இயலவில்லை. எனவே இதனைத் துணிவு என்பதைவிட வேறு வழியின்மை என்பதே பொருந்தும். ஜூன் 25, 2015 அன்று டாலஸ் மாவெரிக்ஸ் அணி அவரை 52 ஆவது வீரராகத் தேர்ந்தெடுத்தது.

பின்னர்

டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்ற துணைநிலை அணியில் 2017 வரை ஆடினார், என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றிலும் களமிறங்கவில்லை. 2020 இல் ஊக்கமருந்து விதிமீறலுக்காக 2 ஆண்டுத் தடை பெற்றார். 2021 இல் அமெரிக்கத் தொழில்முறை மற்போருக்கு மாறினார்.

இந்தியாவில்

நிலைத்த தொழில்முறைக் கூட்டிணைவு நெடுங்காலம் இல்லாமையால், இந்தியாவில் இக்கேள்வி வேறு வடிவம் கொள்கிறது. சென்னையின் கல்லூரி ஆட்டக்காரர்கள் பெரிதும் நாடுவது இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.), இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்றவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணிகளையே.